சொகுசுப் பக்கத்து ஓரகத்தி

கம்பெனி சொகுசுக் கார் விற்கப் போகிறது என்ற செய்தி வந்த அன்றே, அந்த வேலை தனக்குத்தான் என்று பெரியவள் முடிவு கட்டிவிட்டாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஷோரூமில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அவர்களுடைய கம்பெனி சின்னக் காருக்குப் பேர்போனது. வாத்தியார், நர்ஸ், மளிகைக்கடைக்காரர், புதிதாய்க் கல்யாணமானவர்கள் என்று யார் முதன்முதலாகக் கார் வாங்கினாலும் இங்கேதான் வருவார்கள். சிக்கல் எல்லாம் அடுத்த காரில்தான். கொஞ்சம் வசதி வந்ததும் அதே மனிதர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், தெருமுனை தாண்டி இருக்கும் வெளிநாட்டுக் கார்க்கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். வருஷக்கணக்காக இதைப் பார்த்து வயிறெரிந்த கம்பெனி, கடைசியில் தானும் ஒரு சொகுசுக் காரைச் செய்தது. செய்ததோடு, அதற்குத் தன் பெயரை வைக்காமல் புதிதாக ஒரு பெயரையும் சூட்டியது. அம்மா யாரென்று தெரிந்தால் பெண்ணுக்கு நல்ல வரன் வராது என்று ஒளித்து வைப்பார்களே, அந்த மாதிரி.

பழைய ஷோரூமை ஒட்டியிருந்த காலி இடத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே மெழுகியது போன்ற சாம்பல் நிறத் தரை, நடுவில் இரண்டே இரண்டு கார்கள், ஓரத்தில் தோல் சோபா. இந்தப் பக்கம் ஒன்பது கார்களை அடுக்கி, கதவைத் திறந்தால் பக்கத்துக் காரில் இடிக்குமே என்று பயந்து பயந்து வியாபாரம் செய்தவர்களுக்கு, அந்த வெற்றிடமே ஒரு திமிராகத் தெரிந்தது.

பெரியவளுக்கு அப்படித் தெரியவில்லை. தன் மேஜை எங்கே வரும் என்பதைத்தான் அவள் கண் தேடியது.

அவளை ஷோரூமில் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்பார்கள். அவள் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் கார் வாங்காமல் வெளியே போக முடியாது. குழந்தை அழுதால் குழந்தையோடு பேசுவாள், மாமனார் முறைத்தால் மாமனாரின் முழங்கால்வலியைப் பற்றி விசாரித்து, இருக்கை உயரம் அந்த முழங்காலுக்கு எப்படித் தோது என்று காட்டுவாள். எந்த வண்டியில் எத்தனை பெட்டி வைக்கலாம், மேடு ஏறும்போது எந்த கியர், ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன போகும் என்பதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் ஓட்டும் கார் அவள் கைபட்டுப் போனதுதான்.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான். கீழே பெரியவள், மாடியில் சின்னவள், சமையல் ஒன்றாக. சின்னவளுக்கு அந்த ஷோரூமில் வேலை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். விற்பனையில் இல்லை, விற்ற காரைச் சாவியோடு ஒப்படைக்கும் மேஜையில். சின்னவள் அதிகம் பேச மாட்டாள். சாவியை இரண்டு கையாலும் நீட்டுவாள், சிரிப்பாள், ஒதுங்கி நின்றுவிடுவாள். இருவரும் காலையில் பெரியவளின் ஸ்கூட்டரில் ஒன்றாக வருவார்கள், மாலையில் ஒன்றாகத் திரும்புவார்கள். முன்னால் பெரியவள், பின்னால் சின்னவள்.

தலைமை அலுவலகத்திலிருந்து தேர்வு செய்ய ஒரு பெண்மணி வந்தாள். முடியைக் காதளவுக்கு வெட்டியிருந்தாள், வாட்சைத் தவிர நகை எதுவும் இல்லை. விற்பனைக்காரர்கள் மட்டுமில்லாமல் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாள். ஒவ்வொருவரும் அவளை வாடிக்கையாளராக நினைத்துக்கொண்டு சொகுசுக் காரைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை.

பெரியவள் காட்டினாள். அன்று அவள் பேசியது போல அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. இருக்கைத் தோலில் தொடங்கி, என்ஜினுக்குப் போய், பின்னால் டிக்கியைத் திறந்து, "இதுல உங்க ரெண்டு பெட்டி, பேரப்பிள்ளைங்க சைக்கிள், எல்லாம் போகும் மேடம்" என்று முடித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். தலைமை அலுவலகப் பெண்மணியும் சிரித்தாள்.

சின்னவள் கடைசியில் போனாள். போகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து விட்டாள். பெண்மணி உட்கார்ந்ததும் கதவை மெல்ல மூடினாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய் நின்றாள். பெண்மணி உள்ளே எதையோ தடவிப் பார்த்தாள், தலையைச் சாய்த்தாள், கண்ணை மூடினாள். சின்னவள் அசையவே இல்லை. ஏதாவது கேட்டபோது மட்டும் குனிந்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"பாவம், பயத்துல பேச்சே வரல அவளுக்கு" என்று பெரியவள் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னாள்.

மறுவாரம் முடிவு வந்தது. சின்னவள்.

பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது மேலாளர். மூக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க இங்க இல்லன்னா இந்தப் பக்கம் படுத்துடும்னு அவங்களுக்கே தெரியும். அதோட... அங்க வர்றவங்களை விட்டுப் பிடிக்கணுமாம். நீங்க கொஞ்சம் பேச்சு அதிகம்னு அபிப்பிராயப்பட்டாங்க."

"பேசறதுக்குத்தானே சார் சம்பளம் தர்றீங்க?"

அவர் மறுபடி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அன்று மாலையும் இருவரும் ஸ்கூட்டரில்தான் திரும்பினார்கள். பாதி வழிவரை பெரியவள் வாயைத் திறக்கவில்லை. அதுவே அதிசயம்.

"அக்கா, கோவமா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்கென்னடி கோவம். சந்தோஷம்தான்."

"மெதுவாப் போங்கக்கா."

"நான் மெதுவாத்தான் போறேன். உனக்குத்தான் இப்ப எல்லாம் வேகமாத் தெரியுது."

வீட்டில் மாமியார் இனிப்பு செய்யச் சொன்னாள். செய்தது பெரியவள்தான். கிளறக் கிளறக் கை வலித்தது; வலி கையில் மட்டும்தானா என்பது வேறு விஷயம்.

சின்னவளைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, சத்தமே வராத செருப்பு. குரல்கூட இறங்கியிருந்தது. "சாப்பாடு ஆச்சா அக்கா?" என்று கேட்டால் ஏதோ ஆஸ்பத்திரியில் நோயாளியை விசாரிப்பது போலிருந்தது. காலையில் அவளை அழைத்துப் போக கம்பெனி வண்டி வாசலுக்கே வந்தது. வரும் வாடிக்கையாளர்கள் கண்ணில் ஸ்கூட்டரில் வந்து இறங்குவது படக்கூடாதாம். பெரியவள் தனியாக ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் ஒருநாள் சிக்னலில் அந்த வண்டி அவள் பக்கத்திலேயே வந்து நின்றது. சின்னவள் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். பெரியவள் ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் பார்க்காத மாதிரி இருப்பது சுலபமாக இருந்தது.

நடுவிலிருந்த கண்ணாடிச் சுவர்தான் அவள் உயிரை வாங்கியது. ஒரு குடும்பத்துக்குக் காரைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கண் அந்தப் பக்கம் போய்விடும். சின்னவள் என்ன செய்கிறாள்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பூ ஜாடியைச் சரிசெய்வாள். காபி போட ஒரு தனி இயந்திரம், பீங்கான் கோப்பைகள். ஒருநாள் முழுக்க மூன்று பேர் வந்தால் பெரிது. ஆனால் வருபவர்கள் ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது அவளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். பெரியவளுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் கைகொடுத்ததில்லை. "வர்றோம்மா" என்பார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சின்னவளைப் போல் நடந்து காட்டுவாள். கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "இருக்கை தங்களுக்குச் சௌகரியமாக இருக்கிறதா?" என்று கிசுகிசுப்பாள். எல்லோரும் உருண்டு சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு மட்டும் சோறு இறங்காது.

ராத்திரி அவள் கணவரிடம் புலம்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். எதையும் துடைத்துப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நினைப்பவர்.

"நம்ம வீட்டுப் பொண்ணுதானே முன்னுக்கு வந்திருக்கா?" என்றார்.

"வெளியாள் யாராவது வந்திருந்தா எனக்கு இவ்வளவு எரியாதுங்க. அதைத்தான் சொல்றேன்."

அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா வந்தாள். அவளை விட்டுக்கொடுக்க பெரியவளால் முடியாது. கிளினிக் வைத்த புதிதில் முதல் கார் பெரியவளிடம்தான் வாங்கினாள். பிள்ளைகள் பிறந்ததும் கொஞ்சம் பெரிய கார், அதுவும் பெரியவளிடம். தங்கைக்கு, கம்பவுண்டருக்கு, எல்லாம் பெரியவளிடம். அன்று அவள் வாசலில் இறங்கியதும் பெரியவள் மேஜையிலிருந்து எழுந்தே விட்டாள். டாக்டரம்மா இந்தப் பக்கக் கதவைத் தாண்டி அந்தப் பக்கக் கதவுக்குப் போனாள். சின்னவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே போன டாக்டரம்மா கண்ணாடி வழியாகப் பெரியவளைப் பார்த்து, ஒரு மாதிரி சங்கடத்தோடு கையசைத்தாள்.

எழுந்த பெரியவள் நின்றபடியே மேஜையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா வெளியே வரும்போது பெரியவள் கார் நிறுத்துமிடத்தில் இருந்தாள். தற்செயலாக வந்த மாதிரிதான்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள் டாக்டரம்மா முந்திக்கொண்டு. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அய்யோ, எனக்கென்ன டாக்டரம்மா! அதுவும் நம்ம கம்பெனிதானே? தாராளமா வாங்குங்க. என் ஓரகத்திதான் அவ, தங்கமான பொண்ணு."

"அப்படியா! சொல்லவே இல்லையே அவங்க."

அந்த ஒரு வார்த்தை பெரியவளுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. சொல்லவில்லையாமே! என்னை ஓரகத்தி என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்தக் கோட்டு இடம் கொடுக்கவில்லையா? அடுத்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தபோது அவ்வளவு அன்பாக வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான். வண்டியை நீயே ஓட்டிக் காட்டுன்னு மட்டும் அவகிட்டக் கேட்டுடாதீங்க, பாவம். அவளுக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதுசுல எதிர்வீட்டு கேட்டுல கொண்டுபோய் முட்டினவ, அதோட ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. இங்க யாருக்கும் தெரியாது. நீங்களும் காட்டிக்காதீங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "கார் விக்கிறவங்களுக்கே ஓட்டத் தெரியாதா?"

"அவளுக்குக் கதவு திறக்க நல்லாத் தெரியும்" என்றாள் பெரியவள்.

அன்றைக்கு மதியம் சோறு நன்றாக இறங்கியது.

டாக்டரம்மா கெட்ட எண்ணக்காரி இல்லை. மறுமுறை வந்தபோது, பக்கத்தில் அந்தப் பக்கத்து நிர்வாகி நிற்பதைப் பற்றி யோசிக்காமல், வேடிக்கையாகத்தான் கேட்டிருக்கிறாள்: நீங்களே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்களேன் என்று. பெரியவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்ததுதான். டாக்டரம்மா சிரிப்பது தெரிந்தது. நிர்வாகி சாவியை எடுத்துச் சின்னவளிடம் நீட்டுவது தெரிந்தது. சின்னவள் கையை நீட்டவில்லை. ஏதோ சொன்னாள். நிர்வாகியின் சாவி பிடித்த கை அப்படியே நின்றது. டாக்டரம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கியது. சின்னவள் தலை நிமிர்ந்துதான் நின்றாள். ஆனால் அவளுடைய கழுத்து சிவந்து போயிருந்தது, இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது.

இதைத்தானே பெரியவள் ஆசைப்பட்டாள்? பார்த்தும் ஆகிவிட்டது. பார்த்த பிறகு, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அங்கிருந்து நகர்ந்துவிட்டாள்.

விஷயம் சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் பரவியது. சொகுசுக் காரை வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய் ஒப்படைப்பதுதான் அங்கே நடைமுறையாம். இதுவரை வேறு யாரையாவது ஓட்டவைத்துச் சின்னவள் சமாளித்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்குள் அவள் ஓட்டுநர் உரிமம் வாங்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்று, தேய்த்ததை வாங்கிக் கழுவ ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுங்க."

பெரியவளின் கை நின்றது. "ஊர்ல எத்தனை டிரைவிங் ஸ்கூல் இருக்கு?"

"அங்க பொறுமையாச் சொல்லித் தருவாங்க. எனக்குப் பொறுமைக்கு நேரமில்ல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முட்டிவலி, வேலை, எவ்வளவோ சாக்கு இருந்தது. ஆனால் அவள் கெஞ்சாமல் கேட்ட விதம் பெரியவளை மடக்கிவிட்டது. அதோடு, உண்மையைச் சொன்னால், அந்தக் கோட்டுக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திட்டக் கிடைத்த வாய்ப்பை விடவும் மனம் வரவில்லை.

நகரத்தின் ஓரத்தில் மூடிக்கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் பெரிய சிமென்ட் தரை இருந்தது. விடிந்ததும் இருவரும் வீட்டுச் சின்னக் காரை எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். பெரியவள் இறங்கி இடம் மாறிக்கொள்வாள்.

"கிளட்ச்சை மெதுவா விடுடி. மெதுவான்னா உங்க சொகுசுப் பக்கம் பேசற மெதுவு இல்ல, கால் மெதுவு!"

வண்டி குதித்து நின்றது.

"தவளையா வாங்கிக் கொடுத்தேன் நம்ம வீட்டுக்கு? மறுபடி!"

"சரிக்கா."

"கண்ணாடியப் பாரு. அங்கதான் நாள் முழுக்கக் கண்ணாடிக்குள்ள இருக்கியே, இதைப் பாக்கத் தெரியலையா?"

"சரிக்கா."

எதைச் சொன்னாலும் சரிக்கா. எரிந்து விழ விழ, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருகினாள். ஒரு வாரம் போனதும் பெரியவளுக்குத் திட்டு தீர்ந்துபோனது. அதைவிடக் கொடுமை, சின்னவளுக்கு வண்டி ஓட்ட வந்துகொண்டிருந்தது. வளைவில் அவள் கை ஸ்டியரிங்கில் வழுக்கிப் போகிற அழகைப் பார்த்துப் பெரியவளுக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணமே, இதிலும் நம்மை மிஞ்சிவிடுவாளோ என்று பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் கிடங்கின் சரிவில் ஏற்றும்போது வண்டி நின்றுவிட்டது. கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடியே சின்னவள் கேட்டாள்.

"டாக்டரம்மாகிட்ட நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"எவ சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். அதுல பல் டாக்டரைப் பாத்துப் பேசறவங்க யாரு? அத்தை போக மாட்டாங்க, அவங்களுக்குப் பல்லே இல்ல."

சிரிப்பு வரக்கூடாத இடத்தில் பெரியவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். இவ்வளவு நெருக்கத்தில், ஒரு சின்னக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்வது கஷ்டம்.

"ஆமா. நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குடி என்கிட்டக் கத்துக்க வந்தே?"

"வேற யார்கிட்டப் போனாலும் அய்யோ பாவம்னு பாப்பாங்க. நீங்க அப்படிப் பாக்க மாட்டீங்க."

ஒரு லாரி தூரத்தில் போகிற சத்தம் கேட்டது. பெரியவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொறாமைடி. வேற ஒண்ணுமில்ல. அந்த இடத்துல நான் நிக்கணும்னு நெனச்சேன். நீ நிக்கற. என்னால பாக்க முடியல. உன் பேரை யாராவது நல்லவிதமாச் சொன்னாலே வயிறு பத்திக்கிது. போதுமா?"

சின்னவள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்தது அந்த முகத்தில். ஆனால் பேசும்போது குரல் உயரவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து உங்களைப் பாத்துப் பொறாமைப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எது கேட்டாலும் பெரியவளைக் கேளு. விருந்துக்கு யார் வந்தாலும் பெரியவ எங்க. என் வீட்டுக்காரரே, அண்ணி வைக்கிற மாதிரி வராதுன்னுவாரு. வேலைகூட நீங்க வாங்கிக் கொடுத்ததுதான். தினம் ஸ்கூட்டர்ல உங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்திருக்கேன். இத்தனை வருஷம் யார்கிட்டயாவது போய் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? எனக்குப் பழகிப்போச்சுக்கா. உங்களுக்கு இதுதான் முதல் தடவை. அதான் தாங்கல."

ரேடியோ என்று பெயர் வாங்கியவளுக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்ல நாக்கு புரண்டது. அதற்குள், இவள் மட்டும் இத்தனை வருஷம் எப்படிப் பொறுத்தாள், அதையும் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாளே என்று தோன்றியது. அந்த நினைப்பின் கேவலம் அவளுக்கே தெரிந்தது.

"கியரைப் போடு" என்றாள். "சரிவுல வண்டி நின்னா முதல்ல என்ன பண்ணணும்?"

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியரைப் போட்டாள். வண்டி பின்னால் நகராமல் ஏறியது.

உரிமத் தேர்வில் முதல் தடவை சின்னவள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு கம்பத்தைத் தட்டித் தோற்றாள். இரண்டாவது தடவை தேறினாள். டாக்டரம்மா மனசாட்சி உறுத்தியோ என்னவோ, வேறு கடைக்குப் போகாமல் அந்தக் காரையே வாங்கினாள். ஒப்படைக்கும் அன்று, முதல் கார் கொடுத்த அம்மாவும் கூட வரவேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். வேறு வழியில்லாமல் பெரியவள் சொகுசுக் காரின் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சின்னவள் ஓட்டினாள்.

அவ்வளவு பெரிய தெரு, அவ்வளவு வண்டிகள், உள்ளே ஒரு சத்தமில்லை. இருக்கை முதுகை வாங்கிக்கொண்ட விதத்தில் பெரியவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இதையா விற்கவிடாமல் பண்ணினார்கள் என்னை! கை சும்மா இராமல் கதவில் தடவியது. தடவின கை நின்றது. மறுபடி தடவிப் பார்த்தாள்.

"அடியே! ஜன்னல் சுவிட்ச் நம்மளோடதுடி! சின்னக் கார்ல இருக்கிற அதே சுவிட்ச்!"

"கத்தாதீங்கக்கா. அதைச் சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். டாக்டரம்மா வீட்டுத் தெரு வரும்வரை சிரித்தார்கள்.

வாசலில் டாக்டரம்மாவின் மொத்தக் குடும்பமும் நின்றது. நிர்வாகி பூங்கொத்தோடு முன்பே வந்து காத்திருந்தார். கார் வழுக்கிக்கொண்டு வந்து நின்றதும், டாக்டரம்மா பெரியவளைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "ஓட்டத் தெரியாதுன்னு சொன்னீங்களே, எவ்வளவு அழகா ஓட்டிட்டு வர்றாங்க!"

எல்லாரும் பெரியவளைப் பார்த்தார்கள். நிர்வாகியும் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவங்கதான் கத்துக்கொடுத்தாங்க டாக்டர்" என்றாள் சின்னவள். சாவியை இரண்டு கையாலும் நீட்டியபடி, அந்த இறங்கிய குரலில், ஒன்றுமே நடக்காத மாதிரி. "எனக்கு ஓட்டத் தெரியலையேன்னு அவங்களுக்குத்தான் ரொம்பக் கவலை."

டாக்டரம்மா உருகிவிட்டாள். நிர்வாகி பெரியவளுக்குக் கைகொடுத்தார். பெரியவள் கையைக் கொடுத்துவிட்டு நின்றாள். காப்பாற்றிவிட்டாள், அதுவும் எவ்வளவு லாவகமாக! நானாக இருந்தால் ஒரு வார்த்தையாவது குத்தியிருப்பேன் என்று நினைத்தாள். பொறாமை தீரும் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் அவளுக்கு அது சரியான காரணத்தோடு வந்தது.

சில மாதம் கழித்து நிர்வாகி இந்தப் பக்கம் வந்தார். சொகுசுக் கார் வாங்கியவர்களில் நிறையப் பேர், முதல் காரைப் பெரியவளிடம் வாங்கிய நம்பிக்கையில்தான் அந்தப் பக்கக் கதவைத் திறந்தார்களாம். விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே இன்னொரு மேஜை போடப்போகிறார்கள், வர முடியுமா என்று கேட்டார்.

பெரியவள் ஏங்கிக் கிடந்த மேஜை அது. இருந்தாலும் ஒன்று கேட்டாள். "நான் யாருக்குக் கீழ வேலை பாக்கணும் சார்?"

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டினார். சின்னவளை அங்கே மேற்பார்வைக்கு உயர்த்தியிருந்தார்கள்.

பெரியவள் நன்றி சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, அங்கேயே மறுத்துவிட்டாள். மேலாளரிடம், சின்னக் கார் வாங்க வருகிற குடும்பங்களை விட்டுப் போக மனசில்லை என்றாள். அவர் எல்லாரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். கணவரிடம், அந்தக் கோட்டு தனக்குப் பொருந்தாது என்றாள். அவரும் நம்பினார்.

வீட்டில் சமையலறையில் சின்னவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"வேணாம்னுட்டீங்களாமே."

"ஆமா."

"எனக்குக் கீழ வரணும்னுதானே?"

பெரியவள் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆமாடி. அதுக்குத்தான்."

சின்னவள் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்க்கா" என்றாள்.